காற்றடிக்கிறது, காற்றாலை ஏன் நிற்கிறது?

ஜூலை மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பேருந்தில், பணகுடி தாண்டியதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். காற்று அப்படி அறையும். காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று போகப் போகச் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் வரிசை கட்டும். பெரும்பாலானவை சுற்றும். ஆனால் இடையிடையே சில, பக்கத்து இறக்கைகள் விர்ரென்று சுழலும்போதே, அசையாமல் நிற்கும்.

“ரிப்பேரா இருக்கும்” என்பார் ஒருவர். “கரண்ட்ட வாங்க ஆளில்லையாம், நிறுத்தி வச்சிருக்காங்க” என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டாவது பதில்தான் நம்மை உறுத்த வேண்டும். ஏனென்றால் அதே நேரத்தில், நூறு கிலோமீட்டருக்குள், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியை எரித்துக்கொண்டே, சும்மா வருகிற காற்றை வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

புவி வெப்பமாவதைத் தடுக்கும் வழி என்னவென்று கேட்டால், காற்றாலையும் சூரியத் தகடும் நடுவதுதான் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். நட்டாயிற்று. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நட்டதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

காற்றின் பக்கம் குற்றம் உண்டா?

எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுவோம். காற்றாலை சுற்றத் தொடங்க விநாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் வேகத்தில் காற்று வேண்டும். விநாடிக்கு 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால், இறக்கை முறியாதிருக்க அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் காற்றாலைக்காரர்களுக்கு ஆண்டு என்பதே மே முதல் செப்டம்பர் வரைதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களில் நெருக்கிப் பிழியப்பட்டு வேகமெடுக்கிறது. ‘சீசன்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

பழைய இயந்திரங்கள் இன்னொரு காரணம். இந்தியாவில் காற்றாலைகள் மின்தொகுப்புக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1986-இல். முதன்முதலாக அவற்றை நிறுவிய இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று. தொண்ணூறுகளில் முப்பந்தலில் நட்ட 250 கிலோவாட் இயந்திரங்கள் பல இன்னும் அங்கேயே நிற்கின்றன. இன்றைய ஒரு காற்றாலை அப்படிப்பட்ட பத்துக்குச் சமம். நல்ல காற்றுள்ள இடத்தைப் பழைய, குள்ளமான இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை நட ஊக்கமளிக்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல்தான் கொண்டுவந்தது.

காற்று போதாமை, பழுது, வயது எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு கூட்டம் மிஞ்சும். நல்ல காற்று, நல்ல இயந்திரம், ஆனாலும் நிற்கிறது. அதை நிறுத்தச் சொன்னது சென்னையிலிருந்து வந்த உத்தரவு.

கம்பிக்குள் கிடங்கு இல்லை

மின்கம்பி மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதில்லை. நீங்கள் விசிறியைப் போடும் அந்தக் கணத்தில், எங்கோ ஓர் இயந்திரம் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். நிறுத்தினால் அது உழைப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் மின்நிலையங்களும் கம்பிகளும் துணை மின் நிலையங்களும் சேர்ந்த வலைக்கு மின்தொகுப்பு என்று பெயர், பேச்சில் கிரிட். தொகுப்பில் இணைந்த பெரிய அனல்மின் இயந்திரங்கள் எல்லாம் விநாடிக்கு 50 சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கின்றன. உற்பத்தி தேவையை மிஞ்சினால் வேகம் கூடும். தேவை மிஞ்சினால் வேகம் தளரும். இந்த வேகத்தை அதிர்வெண் என்கிறோம். இந்தியாவில் அது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி.

தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். தேர் ஓடுகிற வேகம் ஒன்றே ஒன்று. சாலை இறக்கமானால் தேர் பிய்த்துக்கொண்டு ஓடும். அதனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட ஆட்கள் கூடவே நடப்பார்கள். மின்தொகுப்புக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மாநில மின்சுமை பகிர்வு மையத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள். தேவை குறைந்துவிட்டால் யாரையாவது வடத்தை விடச் சொல்ல வேண்டும். சொன்னவுடன் விடக்கூடியவர் யார் என்பதுதான் கேள்வி.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்கள் சாட்சி. இரண்டாவது நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. தென்னிந்தியத் தொகுப்பு அன்று தனித்து இயங்கியதால் தப்பித்தது. அதே தனிமை நம் காற்றாலைகளுக்கு எப்படி வினையானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆடி மாத இரவு ஒன்றின் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளங்குவதற்காக முழு எண்களாக வைத்தவை. ஆனால் அவற்றின் அளவும் விகிதமும் தமிழ்நாட்டுக்குப் பொருந்துபவை.

ஆடி மாதம், அதிகாலை 2 மணி. மாலையில் மாநிலம் முழுக்க மழை பெய்திருக்கிறது. ஏசி ஓடவில்லை, வயலில் மோட்டார் ஓடவில்லை. மாநிலத்தின் தேவை 11,000 மெகாவாட். (2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடைக்கும் மழை இரவுக்கும் இவ்வளவு வித்தியாசம்.)

இந்தத் தேவையை யார் யார் நிரப்புகிறார்கள்? கூடங்குளம், கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களின் பங்கு 1,200 மெகாவாட். அதை இரவுக்கு இரவு ஏற்றி இறக்குவது வழக்கமில்லை. பாசனத்துக்குத் திறந்த அணைத் தண்ணீரும் சர்க்கரை ஆலைகளும் தரும் சில்லறை 400. அடுத்து நிலக்கரி. மாலை 7 மணித் தேவைக்காக 8,000 மெகாவாட் திறனுள்ள அனல் இயந்திரங்கள் ஓட்டத்தில் இருக்கின்றன. அவற்றை எவ்வளவு அடக்கினாலும் 55 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்று வைப்போம். அது 4,400.

1,200, 400, 4,400. கூட்டினால் 6,000. காற்றுக்கு மிஞ்சிய இடம் 5,000. ஆனால் அந்த நேரத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்து பல்லடம் வரை காற்றாலைகள் தரத் தயாராக இருப்பது 5,500 மெகாவாட்.

500 மெகாவாட் வழிகிறது. யாராவது வடத்தை விட்டாக வேண்டும். காற்றாலையின் இறக்கையைக் காற்றுக்கு முகம் கொடுக்காமல் திருப்பிவிட்டால் போதும், சில நொடிகளில் நின்றுவிடும். உத்தரவு அங்கே போகிறது.

இது விடியும் வரை 5 மணி நேரம் நீடித்தால் வீணாவது 25 லட்சம் யூனிட். ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரம் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த 25 லட்சம் யூனிட்டும் நிலக்கரிக்குப் பதிலாக உள்ளே போயிருந்தால், ஒரே இரவில் ஏறத்தாழ 2,500 டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் இருந்திருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. காற்றாலை சுற்றுவதால் மட்டும் புவி குளிர்வதில்லை. அது சுற்றுகிற அதே நேரத்தில் ஒரு கொதிகலனில் நெருப்பு குறைய வேண்டும். இனி வரும் தொழில்நுட்பம், சட்டம், விலை எல்லாவற்றையும் இந்த விதியால் உரசிப் பார்க்கலாம்.

உலையை அணைத்தால் என்ன?

வடத்தை விட வேண்டியது நிலக்கரிதானே, காற்று ஏன் விட வேண்டும்? நியாயமான கேள்வி. அனல் நிலையத்தின் கொதிகலன் பல மாடி உயரம். அதன் சுவர்கள் எஃகுக் குழாய்களால் ஆனவை. உள்ளே 500 டிகிரிக்கு மேல் சூடான நீராவி. அதை அணைத்தால் குழாய்கள் சுருங்கும். மறுபடி பற்றவைத்தால் விரியும். ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் களைக்கும். முற்றும் ஆறிய உலையை மறுபடி முழு வேகத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். முதலில் எண்ணெய் ஊற்றித்தான் பற்றவைக்க வேண்டும். அதிகாலையில் அணைத்தால் மாலை 7 மணிக்கு விளக்கேற்றும் நேரத்தில் உலை தயாராக இருக்கும் என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அணைக்க முடியாது, சரி. இன்னும் தணிக்கலாமே? நெருப்பு அணையாமல் எவ்வளவு தூரம் தணிக்கலாம் என்ற எல்லைக்குக் குறைந்தபட்சச் சுமை என்று பெயர். நம் கணக்கில் அது 55 சதவீதம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறை, நிலக்கரி இயந்திரங்கள் படிப்படியாக 40 சதவீதம் வரை இறங்கப் பழக வேண்டும் என்கிறது. அந்த எண்ணைக் கணக்கில் போடுங்கள். 8,000-இல் 40 சதவீதம் 3,200. காற்றுக்கு 1,200 மெகாவாட் புதிய இடம் கிடைக்கிறது. வழிந்தது 500தான். ஒரு காற்றாலைகூட நிற்க வேண்டியதில்லை.

கவனியுங்கள், இதற்குப் புதிதாக எதுவும் கட்டவில்லை. இருக்கிற உலைகளில் எரிப்பான்களையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் மாற்றி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். செலவு உண்டு. தணித்து எரிக்கும்போது யூனிட்டுக்கு ஆகும் கரியும் சற்றுக் கூடும். ஆனாலும் மொத்தத்தில் எரியும் கரி குறைகிறது. பருவநிலைக் கூட்டங்களில் யாரும் மேடையேற்றாத தொழில்நுட்பம் இது. புகைபோக்கியின் அடியில் நடக்கும் இந்தப் பழுதுபார்ப்பு வேலை நூற்றுக்கணக்கான புதிய காற்றாலைகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட்

இன்னொரு வழி, வழிவதைப் பிடித்து வைப்பது. கம்பிக்குள் கிடங்கு இல்லை; மலையில் உண்டு. கோவை மாவட்டத்தின் ஆனைமலையில் காடம்பாறை அணை இருக்கிறது. அதற்கு வெகு கீழே மேல் ஆழியாறு அணை. இரண்டுக்கும் நடுவே பாறையைக் குடைந்து, மலையின் வயிற்றுக்குள் மின்நிலையம். தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். மேலிருந்து தண்ணீர் விழுந்தால் அவை மின்சாரம் தரும். அதே இயந்திரங்களை எதிர்ப்பக்கம் சுழற்றினால் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றும். இதற்கு நீரேற்றுப் புனல்மின் நிலையம் என்று பெயர். எண்பதுகளின் இறுதியிலிருந்து அது வேலை செய்கிறது. கடைவீதியில் யாரும் மின்கலச் சேமிப்பைப் பற்றிப் பேசாத காலம் அது.

இதில் எவ்வளவு அடங்கும்? மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள தண்ணீர் முழுவதும் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டால், கிடைப்பது சரியாக ஒரு யூனிட். ஒரு சீலிங் ஃபேன் 13 மணி நேரம் ஓடும் அளவு. 367 மீட்டர் என்பது நூறு மாடிக்கும் மேல்! காடம்பாறையில் தண்ணீர் விழும் உயரம் ஏறத்தாழ இதே அளவுதான். உராய்விலும் இயந்திரத்திலும் கொஞ்சம் போய்விடும். ஆக, ஒரு தொட்டித் தண்ணீருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைக்கலாம்.

நம் ஆடி இரவுக்குத் திரும்புவோம். வழிந்த 500 மெகாவாட்டில் 400-ஐக் காடம்பாறை இயந்திரங்கள் வாங்கிக்கொள்கின்றன. 5 மணி நேரத்தில் 20 லட்சம் யூனிட் உள்ளே போகிறது. அதைக் கொண்டு ஏறத்தாழ 17 லட்சம் தொட்டித் தண்ணீர் மலையேறுகிறது. மறுநாள் மாலை அதே தண்ணீரை இறக்கினால் சுமார் 15 லட்சம் யூனிட் திரும்பக் கிடைக்கும்.

20 போட்டு 15 எடுப்பது நஷ்டமில்லையா? காற்றாலையை நிறுத்தியிருந்தால் கிடைத்திருப்பது சைபர். அதோடு ஒப்பிட்டால் 15 லட்சம் லாபம். அதுவும் மாலை 7 மணிக்கு, சூரியன் மறைந்து எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் வருகிறது. அந்த 15 லட்சம் யூனிட்டை நிலக்கரியால் எடுக்க ஏறத்தாழ ஆயிரம் டன் கரி வேண்டும். சரக்கு ரயிலில் பதினேழு பதினெட்டு வேகன்.

இதன் எல்லையும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 400 மெகாவாட் என்பது மாநிலத்தின் உச்சத் தேவையில் ஐம்பதில் ஒரு பங்கு. நீலகிரியில் போர்த்திமந்து அணையையும் அவலாஞ்சி – எமரால்டு அணைகளையும் இணைத்துக் கட்டப்படும் குந்தா திட்டம் 500 மெகாவாட்டுக்கானது. மலையும் இரண்டு அணையும் சேர்ந்து அமைந்த இடங்கள் எண்ணிக்கையில் சில. அவையும் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. லித்தியம் மின்கலங்களை எங்கும் வைக்கலாம், மாதக் கணக்கில் நிறுவிவிடலாம், போட்டதில் இன்னும் அதிகமாகத் திருப்பியும் தரும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அணை இரண்டு தலைமுறை நிற்கும். மின்கலமும் அணையும் நகர்த்துவது மணி நேரங்களைத்தான். ஆடிக் காற்றை மார்கழிக்கு எடுத்துப்போக இரண்டாலும் ஆகாது.

ஏட்டில் இருக்கும் வங்கி

ஆனால் சட்டம் அதைச் செய்துவிட்டது! எப்படி என்று பார்க்க, இந்தக் காற்றாலைகளை யார் நட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அரசு நட்டது கொஞ்சம். பெரும்பகுதியைக் கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளும் மற்றத் தொழிற்சாலைகளும் சொந்தத் தேவைக்காக நட்டன. முப்பந்தலில் போடும் யூனிட்டை அவிநாசியில் எடுத்துக்கொள்ளலாம். சீசனில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. மின்வாரியத்தின் வழக்கில் இதற்கு ‘பேங்கிங்’ என்று பெயர்.

ஆலைக்கு இது உண்மையான வங்கிதான். மின்தொகுப்புக்கோ இது வெறும் கணக்கேடு. ஜூலையில் போட்ட யூனிட் ஜூலையிலேயே யாரோ ஒருவர் வீட்டு விசிறியில் தீர்ந்துவிட்டது. ஜனவரியில் ஆலை கேட்கும்போது, மின்வாரியம் அதை நிலக்கரியில் எடுத்தோ வெளியில் வாங்கியோ கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வாரியம் சேவைக் கட்டணமாக ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. கட்டணம் போதாது என்று வாரியமும், அதிகம் என்று ஆலைகளும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வசதி இல்லாதிருந்தால் முப்பந்தலில் இத்தனை காற்றாலை முளைத்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரிச் சலுகையின் கதையும் இதே மாதிரிதான். தொண்ணூறுகளில் காற்றாலைக்குப் போட்ட முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். சலுகை இயந்திரத்தை நட்டதற்குக் கிடைத்தது. அது எவ்வளவு சுற்றியது என்று யாரும் கேட்கவில்லை. மார்ச் மாதக் கடைசிக்குள் நட்டுவிட வேண்டும் என்ற அவசரம் நல்ல இடம், நல்ல இயந்திரம் என்று தேடவிடவில்லை. 2009 இறுதியில் மத்திய அரசு வேறொரு வழியைச் சேர்த்தது. வரிச் சலுகை எடுக்காதவர்களுக்கு, தொகுப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை. அவர்களுக்குச் சுற்றினால்தான் காசு.

சுற்றினால் காசு என்றான பிறகு, நிறுத்தச் சொல்வது சண்டையாகும். காற்று, சூரிய மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், தொகுப்பின் பாதுகாப்புக்காக மட்டுமே நிறுத்தலாம் என்பது விதி. ஆனால் ஒப்பந்த விலையைவிட மலிவாக அந்த நேரத்தில் வேறு மின்சாரம் கிடைத்தால் நிறுத்திவிடத் தோன்றும். தமிழ்நாட்டுச் சூரிய மின்நிலையங்கள் தொடுத்த வழக்கில், மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வணிகக் காரணத்துக்காக நிறுத்தியதற்கு இழப்பீடு தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசும் இழப்பீட்டை விதியாக்கியது. வீணாகும் காற்றுக்கு விலை ஒட்டப்பட்டது. விலை ஒட்டியதும் அதைக் குறைக்கும் வழிகளில் எல்லோருக்கும் அக்கறை வந்தது.

வெளியூருக்கு ஒரு வழி

நம் கணக்கில் வழிந்த 500 மெகாவாட்டைப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பியிருக்கலாமே? கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதே பருவமழை பெய்கிறது. அணைகள் நிறைகின்றன, கர்நாடகத்தின் காற்றாலைகளும் சுற்றுகின்றன. வேண்டியவர்கள் இருந்தது வடக்கே. 2013 வரை வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே குறுகலான சில இணைப்புகளே இருந்தன. 2012 இருட்டிலிருந்து நம்மைக் காத்த அதே தனிமை, நம் காற்றையும் உள்ளேயே பூட்டி வைத்தது. அந்த ஆண்டுகளில் ஒருபக்கம் மின்வெட்டு, இன்னொருபக்கம் சீசனில் காற்றாலை நிறுத்தம் என்ற விசித்திரத்தைத் தமிழ்நாடு பார்த்தது.

2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து நாடு முழுதும் ஒரே தேர். அதன்பின் சத்தீஸ்கரின் ராய்கட்டிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு, ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர் நீளத்தில், 6,000 மெகாவாட் தாங்கும் உயரழுத்த நேர்மின் பாதை வந்தது. தெற்கில் தட்டுப்பாடு என்றால் நிலக்கரி மின்சாரம் இறங்கும். சீசனில் தேவைப்பட்டால் அதே கம்பியில் காற்று மின்சாரம் வடக்கே ஏறும்.

உலகத்தில் காற்றை அதிகம் நம்பியிருக்கும் நாடு டென்மார்க். அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அங்கே மலை இல்லை, அணை கட்ட வழியில்லை. கடலடிக் கம்பி மூலம் நார்வேயுடன் இணைந்திருக்கிறது. டென்மார்க்கில் காற்றடித்தால் நார்வே தன் அணைகளின் மதகை மூடித் தண்ணீரைச் சேமிக்கிறது. காற்று ஓய்ந்தால் திறந்து மின்சாரம் அனுப்புகிறது. நீரை மேலே ஏற்றவே வேண்டாம், இறக்காமல் இருந்தால் போதும். அண்டை வீட்டு அணைதான் அவர்களுடைய கிடங்கு.

தேவையை நகர்த்துவது

இதுவரை உற்பத்தியை ஏற்றி இறக்குவதைப் பற்றியே பேசினோம். தேவையையும் நகர்த்தலாம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. நள்ளிரவில் டார்ச்சோடு வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது பாய்ச்ச வேண்டும். அந்த நேரத்தை வாரியம் முறைவைத்துக் கொடுத்தது. இரவில் தேவை குறைவு, அனல் நிலையமோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் இரவு முறை வசதியாக இருந்தது.

சூரிய மின்சாரம் பெருகியதும் கணக்கு தலைகீழாகிறது. பகல் 11 மணி முதல் 3 மணி வரை மின்சாரம் வழிகிறது. மோட்டார்களைப் பகலுக்கு மாற்றலாம். நெல்லுக்கும் தென்னைக்கும் தண்ணீர் எப்போது போனாலும் ஒன்றுதான். தொகுப்புக்கோ அது பெரிய உதவி. விவசாயிக்குப் பாம்புக்கடி பயமும் இல்லை. இதே நோக்கில்தான் 2023-இல் மத்திய அரசு நேரத்துக்கேற்ற கட்டணத்தை விதியாக்கியது. சூரிய ஒளி மிகுந்த நேரத்தில் மின்சாரம் மலிவு, மாலை உச்சத்தில் விலை அதிகம். முதலில் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும், பிறகு ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளுக்கும். மாவு மில், ஐஸ் தொழிற்சாலை, குடிநீர் ஏற்றும் மோட்டார், மின்வண்டியின் சார்ஜர் ஆகிய எல்லாமே நேரத்தை மாற்றிக்கொள்ளக் கூடியவை. மாலை நேர மின்விளக்குக்கு மட்டும் அந்த வசதி கிடையாது.

மெகாவாட்டா, யூனிட்டா?

2025 ஜூனில் இந்தியா ஒரு மைல்கல்லைத் தாண்டியது. நாட்டின் மின்நிலையத் திறனில் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் இல்லாதது என்றானது. 2030-க்கு வைத்த இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. உண்மையான சாதனைதான். ஆனால் நாம் பயன்படுத்தும் யூனிட்டுகளில் பத்தில் ஏழு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகின்றன. பாதித் திறன் எப்படிப் பாதி யூனிட் ஆகவில்லை? சூரியன் இரவில் இல்லை, காற்று தையில் இல்லை. இருக்கும்போதும் சில நேரம் நிறுத்தச் சொல்கிறோம்.

அதனால் இனிவரும் ஆண்டுகளில் பணத்தை எங்கே போடுவது என்பதில் வரிசை முக்கியம். இருக்கும் உலைகளைத் தணியப் பழக்குவதும் மோட்டார்களைப் பகலுக்கு மாற்றுவதும் குறைந்த செலவில் முடிபவை. அடுத்தது கம்பி. அதற்கும் அடுத்தது காடம்பாறை மாதிரியான நீர்த்தேக்கமும் மின்கலமும். இவை முன்னால் நகராமல் புதிய காற்றாலைகளை மட்டும் நட்டுக்கொண்டே போனால், ஆடி இரவில் வழியும் 500 மெகாவாட் 1,500 ஆகும். நிலக்கரி ரயில் அதே நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

மாதங்களை நகர்த்தும் சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு இயற்கை பாதி விடையைத் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் காற்று ஓய்ந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வானம் தெளிந்து சூரியத் தகடுகள் நன்றாக உழைக்கின்றன. மேகம் மூடும் ஜூன், ஜூலையில் காற்று எழுகிறது. முப்பந்தலும், 648 மெகாவாட் சூரியத் தகடுகளை விரித்திருக்கும் கமுதியும் ஒன்றின் மெலிந்த மாதத்தை மற்றொன்று தாங்குகின்றன. இரண்டும் ஓய்ந்துபோகும் மாதம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையின் அந்த இருண்ட வாரங்களுக்கு எவ்வளவு நிலக்கரியை இருப்பில் வைத்திருக்க வேண்டும், எவ்வளவை வடக்கிலிருந்து வாங்கலாம் என்பதுதான் மின்வாரியம் இனிப் போட வேண்டிய கணக்கு. அதில் வரும் நிலக்கரியின் எண் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால், காற்றாலைகள் நட்டதற்குப் பலன் கிடைத்திருக்கிறது என்று பொருள்.